கேரியரில் ஒரு தும்பாங்

காலை ஆறரை மணிக்கு மேரு ரோட்டில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லோரிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு ஓடும். லோரிக்கும் சாக்கடைக்கும் நடுவே மிச்சமிருக்கிற ஒரு முழ இடத்தில் ஒரு கிழட்டுச் சைக்கிள் போகும். மிதிப்பவர் காவல்காரரின் நீலச் சட்டை போட்டிருப்பார். பின்னால் கேரியரில் ஒரு பெண்பிள்ளை இரண்டு காலையும் இடது பக்கம் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பாள். பெண்பிள்ளை என்றதும் சின்ன வயசு என்று நினைத்துவிடாதீர்கள். புஷ்பவல்லிக்கு வருகிற தீபாவளி வந்தால் ஐம்பத்தெட்டு.

இந்தக் காலத்தில் யாரப்பா சைக்கிளில் போகிறார்கள் என்று கேட்பீர்கள். நியாயந்தான். அதை மிதிக்கிற கார்த்திகேசுவும் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்தான். பிளாட்டுக்குக் கீழே நிறுத்தி வைத்த முதல் மோட்டார் திருடு போயிற்று. சங்கிலி போட்டு வைத்த இரண்டாவது, சங்கிலியோடு போயிற்று. மூன்றாவது வாங்க மனசில்லை. "இத எவனாச்சும் தூக்கிட்டுப் போனா, அவனுக்கு நானே டீ வாங்கிக் குடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு இந்தச் சைக்கிளுக்கு மாறினார். வாங்கி நாலு வருஷமாகிறது, ஒருத்தனும் தொடவில்லை.

புஷ்பவல்லிக்குக் கையுறைத் தொழிற்சாலை கெண்டீனில் வேலை. வெங்காயம் உரிப்பது, காய் நறுக்குவது, அண்டா கழுவுவது. முன்பெல்லாம் தொழிற்சாலை பஸ் பிளாட் வாசலுக்கே வரும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பக்கம் ஆள் குறைவென்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். புஷ்பவல்லி நடக்க ஆரம்பித்தாள். வலது முட்டி அப்போதே ஒத்துழையாமை பண்ணிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, பக்கத்துப் புளோக்கில் கீழ்வீட்டுக்காரரான கார்த்திகேசு அவளைத் தாண்டிப் போய், பிரேக் பிடித்து நின்று, திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: "தும்பாங் வரீங்களாம்மா?" அவர் காவல் இருக்கிற கிடங்கு அவள் தொழிற்சாலைக்கு அடுத்த கேட்.

இந்தத் தும்பாங் என்ற சொல்லைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், வந்த வினையெல்லாம் அதனால்தான். மலாய்க்காரர்களிடம் வாங்கி, திருப்பிக் கொடுக்காமல் நாம் புழங்கிப் புழங்கித் தேய்த்துவிட்ட சொல். அடுத்தவன் வண்டியில் தொற்றிக்கொண்டு போனால் தும்பாங். அடுத்தவன் வீட்டில் ஒண்டிக்கொண்டு இருந்தாலும் தும்பாங்தான். தமிழில் இரண்டுக்கும் வேறு வேறு சொல் இருக்கிறது, இல்லாமல் என்ன? ஆனால் ஒருத்தரைப் பார்த்து நீ ஒண்டிக்கொண்டிருக்கிறாய் என்று சொன்னால் அடிக்க வருவார். தும்பாங் என்றால் யாருக்கும் வலிக்காது. அதனால்தான் எல்லாரும் அதையே சொல்கிறோம்.

புஷ்பவல்லி இரண்டு வகையிலும் தும்பாங். காலையில் கார்த்திகேசு சைக்கிளில். மற்ற நேரமெல்லாம் தம்பி பரமேஸ்வரன் வீட்டில்.

காப்பார் தோட்டத்தில் புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, பிள்ளை குட்டி இல்லாதவள், ஒரு பெட்டியும் இரண்டு பையுமாகத் தம்பி வீட்டுப் படியேறி வந்தாள். அதாகிறது பதினோரு வருஷம். பிளாட்டில் இரண்டு ரூம். ஒன்று பரமேஸ்வரனுக்கும் அவன் மனைவி குமுதாவுக்கும். இன்னொன்று மகன் குகனுக்கு. புஷ்பவல்லி ஹாலில் தோத்தோ மெத்தையை விரித்துப் படுப்பாள், எழுந்ததும் சுருட்டி சோபாவுக்குப் பின்னால் செருகுவாள். குகன் கல்யாணமாகி செராஸ் போய் ஐந்து வருஷமாகிறது. அந்த ரூம் காலியாகத்தான் கிடந்தது. ஆனால் குகன் எப்போதாவது வந்தால் படுக்க வேண்டுமே என்று மெத்தையில் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாமல் குமுதா பூட்டி வைத்திருந்தாள். வருஷத்தில் இரண்டு தடவை வருவான். வந்தாலும் சாயங்காலமே போய்விடுவான். புஷ்பவல்லி ஒரு நாளும் அந்த ரூமைக் கேட்டதில்லை. அவர்களும் எடுத்துக்கொள் என்று சொன்னதில்லை. வேலைக்குப் போய் வந்து, வீட்டுச் சமையலையும் பார்த்துவிட்டு, குமுதா நாடகம் பார்த்து முடிக்கிறவரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். டிவி இருக்கிற இடத்தில்தானே அவள் படுக்கை.

அந்த மாசம் முதல் வாரத்தில் பரமேஸ்வரன் சாப்பாட்டு மேசையில் விஷயத்தைச் சொன்னான். பிளாட்டை விற்றாயிற்று. மாசக் கடைசியில் சாவி கொடுக்க வேண்டும். குகன் மனைவி உண்டாகியிருக்கிறாள், அவனோடு செராஸில் போய் இருக்கப் போகிறோம். சொல்லிவிட்டுக் குழம்பைப் பிசைந்துகொண்டே இருந்தான். மிச்சத்தைக் குமுதாதான் சொன்னாள். அங்கே இடம் பத்தாது. பிரிக்பீல்ட்ஸில் அவளுக்குத் தெரிந்த சாப்பாட்டுக் கடையில் ஆள் கேட்கிறார்கள், வேலை செய்கிறவர்களுக்கு மேல்மாடியில் தங்க இடமும் தருகிறார்கள். எட்டுப் பேர் ஒரே ரூமில், மேலும் கீழுமாக இரும்புக் கட்டில். அண்ணிக்குக் கீழ்க்கட்டிலே கேட்டு வாங்கித் தருகிறேன் என்றாள்.

புஷ்பவல்லி சரி என்றாள். அவள் எதற்குத்தான் சரி சொல்லவில்லை? அன்றைக்குச் சோறு மட்டும் இறங்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில், முன்பின் தெரியாத ஏழு பேர் நடுவே, மறுபடியும் முதலிலிருந்து ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். அதை நினைத்தபோது அழுகைகூட வரவில்லை. ஒரே ஆயாசமாக வந்தது.

இதையெல்லாம் அவள் கார்த்திகேசுவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்று தோன்றாமலும் இல்லை. ஆனால் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்துகொண்டு என்னத்தைப் பேசுவது? மிதிப்பவருக்கு முகம் முன்னால். அவர் சொல்வதைக் காற்று அடித்துக்கொண்டு போகும். இவள் சொல்வது அவர் முதுகில் போய் முட்டிக்கொள்ளும். நடுநடுவே லோரி வேறு. ஆகவே இரண்டு வருஷமாக அவர்கள் பேச்சு ஒரு முறைக்கு வந்திருந்தது. அவர் ஏதாவது சொல்வார், "ரோட்ட ஒடைச்சுப் போட்டிருக்கான், பிடிச்சுக்குங்க" என்பதுபோல. அவள் "ம்" என்பாள். பாதி கேட்டாலும் ம், கேட்காவிட்டாலும் ம். பிடித்துக்கொள்வது என்றால் அவரை அல்ல, சீட்டுக்குக் கீழே இருக்கிற ஸ்பிரிங்கை. அந்த ஸ்பிரிங் அவள் விரலில் ஒரு தழும்பே போட்டுவிட்டது.

இடது பக்கம் காலைத் தொங்கப்போட்டு உட்காருகிறவளுக்கு ரோடு தெரியாது. சாக்கடையும், கம்பி வேலியும், புல்லும்தான் தெரியும். எங்கே போகிறோம் என்பதை மிதிக்கிறவர் பார்த்துக்கொள்வார். புஷ்பவல்லிக்கு அது பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு நாளில் அவள் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிற நேரம் அந்த இருபது நிமிஷம்தான்.

பத்தாம் தேதி காலையில் அது நடந்தது. மேம்பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், கார்த்திகேசு தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்: "எத்தன நாளைக்குத்தான் இப்பிடித் தும்பாங்லயே ஓட்டுவீங்க?"

அதற்கப்புறமும் என்னமோ சொன்னார். ஒரு கண்டெய்னர் லோரி காதைப் பிளக்கிற மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டு உரசிப் போயிற்று. லோரி போய் முடிந்தபோது அவர் பேச்சும் முடிந்திருந்தது.

அவர் சொன்ன மிச்சம் என்ன என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், மறைத்து வைத்து எனக்கென்ன லாபம்? "எங்க வீட்ல மாதவி ரூமு சும்மாதான் கெடக்கு. அங்க வந்துருங்க. எனக்கும் ஒரு துணையா இருக்கும்" என்றுதான் அந்த மனிதர் சொன்னார். மாதவி அவருடைய மகள், ஜொகூரில் குடும்பமாக இருக்கிறாள். மனைவி தவறி ஆறு வருஷம். பிளாட் விற்ற செய்தி எப்படித் தெரியும் என்றால், பிளாட்டில் எந்த ரகசியம் நின்றிருக்கிறது? இரண்டு நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து, மேம்பாலம் வருவதற்குள் சொல்லிவிட வேண்டுமென்று சொன்னார். முகம் பார்த்துச் சொல்ல அவருக்குக் கூச்சம். சைக்கிளில் அந்த ஒரு வசதி இருந்தது.

புஷ்பவல்லி காதில் விழுந்தது முதல் வரி மட்டும். எத்தனை நாளைக்குத்தான் தும்பாங். அவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அட, இவருக்கும் அலுத்துப்போய்விட்டதா? அறுபத்து மூன்று வயசு மனுஷன். அறுபத்தைந்து கிலோவைப் பின்னால் வைத்துக்கொண்டு தினமும் மிதிக்கிறாரே, நமக்கு ஒரு நாளாவது உறைத்ததா? அவள் தன்னைத்தான் திட்டிக்கொண்டாள், அவரை அல்ல. தம்பி வீட்டில் பாரம், சைக்கிளிலும் பாரம். என்ன சொன்னீங்க என்று திருப்பிக் கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அப்படிப்பட்ட பேச்சை இரண்டாம் தடவை கேட்க யாருக்குத் தெம்பு இருக்கிறது?

"இந்த மாசக் கடைசியோட சரிண்ணே" என்று அவர் முதுகைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். "அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்குங்க."

அவர் காதில் அது நன்றாக விழுந்தது. அவருக்கு வேண்டிய பதிலாகவும் இருந்தது. "பொறுத்துக்காம என்ன" என்றார். மேம்பால ஏற்றத்தில் எப்போதும் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறவர், அன்றைக்கு எழுந்து நின்று மிதித்துப் பார்த்தார். முடியவில்லை, வழக்கம்போல இருவரும் இறங்கி நடந்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே தள்ளினார். அவள் அந்தச் சிரிப்பைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் விட்டது தொல்லை என்று சிரிக்கிறார் என்றுதான் எடுத்திருப்பாள்.

மறுநாளிலிருந்து புஷ்பவல்லி தன்னை இலேசாக்கிக்கொள்ளத் தொடங்கினாள். சிரிக்காதீர்கள், அவள் உண்மையிலேயே அப்படித்தான் செய்தாள். பையில் தினமும் எடுத்துப்போகிற தண்ணீர் போத்தலை வீட்டில் வைத்துவிட்டாள். தோசைக்கல் கனத்துக்கு இருந்த பழைய டிபன் பாத்திரத்தை விட்டுவிட்டு, சோற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டாள். பிறகு சோற்றையும் குறைத்தாள். சின்ன மேடு வந்தாலும் "நிறுத்துங்கண்ணே" என்று இறங்கி, நொண்டி நொண்டி மேட்டைத் தாண்டி, அப்புறம் ஏறுவாள். முட்டி இரண்டு நாளில் பன் ரொட்டியாட்டம் வீங்கிவிட்டது. கெண்டீனில் ஸ்டூலில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும்போது, கண்ணில் வருகிற தண்ணீர் எதனால் வருகிறதென்று யாரும் கேட்காதது ஒரு வசதி.

கார்த்திகேசுவோ இதற்கெல்லாம் வேறு கணக்குப் போட்டார். ஒரு பேச்சு முடிவான பிறகு பெண்பிள்ளை கொஞ்சம் ஒதுங்கி நடக்கிறாள், அவ்வளவுதானே, கூச்சமிருக்காதா? அவருக்கு அது பிடித்தும் இருந்தது. மிதித்துக்கொண்டே சீழ்க்கை அடிக்க ஆரம்பித்தார். இரண்டு வருஷத்தில் அவர் சீழ்க்கை அடித்து அவள் கேட்டதில்லை. நம்மை இறக்கிவிடப் போகிற சந்தோஷம் இந்த மனுஷனுக்கு இவ்வளவா என்று நினைத்தபோது, புஷ்பவல்லிக்கு முதல் தடவையாக அவர்மேல் கோபம் வந்தது. பிரிக்பீல்ட்ஸ் மேல்மாடியைவிட அந்தச் சீழ்க்கைதான் அவளை அதிகமாக வருத்தியது. ஏனென்று அவள் யோசிக்கவில்லை. யோசித்தால் வேறு என்னமோ தெரிந்துவிடும்போல இருந்தது.

இருபத்து மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. ஹால் முழுவதும் அட்டைப்பெட்டி. குமுதா தட்டுகளைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள், புஷ்பவல்லி பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். பரமேஸ்வரன் கீழேயிருந்து படியேறி வந்தான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் வெற்றிலைப் பொட்டலமும் இருந்தன.

"ஏன்க்கா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்றான்.

என்ன சொல்லவில்லை என்று அவள் கேட்டாள்.

"கார்த்திகேசு அண்ணன் வீட்டுக்குப் போறதுக்குச் சம்மதம் சொல்லிட்டியாமே. இப்ப கீழ வந்து முறையா எங்கிட்ட கேட்டுட்டுப் போறாரு. மாசக் கடைசிக்கு நீயே நாள் சொன்னியாம்."

புஷ்பவல்லி கையில் டேப் அப்படியே நின்றது. எத்தனை நாளைக்குத்தான் தும்பாங்லயே. மாசக் கடைசியோட சரி. பொறுத்துக்காம என்ன. ஒவ்வொன்றாக அவள் நெஞ்சில் புரண்டு விழுந்தன. சீழ்க்கைவரைக்கும் வந்து நின்றபோது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் விழுங்கினாள்.

குமுதாவுக்கு வாயெல்லாம் பல். இத்தனை நாள் வாய் நிறைய அண்ணே அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டு இந்த அண்ணி பார்த்த வேலையைப் பார் என்று கிண்டல் செய்தாள். பிறகு அவளே, நல்ல மனுசர்தான் லா, குடி கிடையாது, நமக்கும் ஒரு கவலை விட்டது என்றாள்.

கவலை விட்டது என்பதைக் குமுதா வாயால் சொன்னாள். பரமேஸ்வரன் வாயால் சொல்லவில்லை, அவன் முகம் சொன்னது. கேஸ் தோம்பை, அதுதான் சிலிண்டரை, நாலு மாடி தூக்கி வந்து இறக்கி வைத்தவனின் முகம் அது. அக்கா, உனக்கு இதில் இஷ்டமா என்று அவன் கேட்கவில்லை. "ஒன் பெட்டிய என்னைக்கு எறக்கணும்?" என்றுதான் கேட்டான்.

அது தப்பான பேச்சு, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அவள் அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த முகம் மறுபடியும் தோம்பைத் தூக்க வேண்டும். கூடப் பிறந்தவன் முகத்தில் அதைப் பார்க்க அவளால் முடியாது. சொல்றேன் என்று மட்டும் சொல்லி, அடுத்த பெட்டியை இழுத்து ஒட்டினாள்.

டேப் ஒட்டிக்கொண்டே யோசித்தாள். அப்படியானால் பிரிக்பீல்ட்ஸ் போக வேண்டியதில்லை. அதை நினைத்தபோது மூச்சு இலேசாக வந்தது, உண்மைதான். ஆனால் அவளுக்கு விவரம் தெரியாதா? அறுபது தாண்டிய ஆண்பிள்ளை ஒருத்தியைத் துணைக்கு வா என்று கூப்பிட்டால் அதற்கு என்ன அர்த்தம்? நேரத்துக்குச் சோறு. துவைத்த துணி. முதுகு வலித்தால் தைலம் தேய்க்க ஒரு கை, படுத்துவிட்டால் அள்ளிக் கொட்ட ஒரு கை. தம்பி வீட்டு அடுப்பிலிருந்து இறக்கி இன்னொரு வீட்டு அடுப்பில் ஏற்றி வைப்பார்கள். தெம்பு இருந்த காலத்தில் அதையும் செய்திருப்பாள். இப்போது அவளிடம் மிச்சமே இல்லை. அதுதான் விஷயம். ஆள் நல்லவரா கெட்டவரா என்பதல்ல.

திங்கட்கிழமை காலையில் அவள் கீழே இறங்கி வந்தபோது, கார்த்திகேசு சைக்கிளோடு தயாராக நின்றார். சவரம் செய்து, கழுத்தில் பவுடர் பூசியிருந்தார். நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். வழக்கம்போல ஒரு காலைச் சாக்கடைத் திட்டில் ஊன்றி, அவள் ஏறுவதற்காகச் சைக்கிளை இறுக்கிப் பிடித்தார்.

"ஏறல. நடந்தே போவோம்" என்றாள் புஷ்பவல்லி.

"முட்டி வலிக்குமே."

"வலிக்கட்டும். ஒங்க முதுகுகிட்டப் பேசிப் பேசித்தான் இவ்ளோ கொழப்பம்."

அவர் ஒன்றும் புரியாமல் இறங்கினார். சைக்கிளை நடுவில் உருட்டிக்கொண்டு இருவரும் நடந்தார்கள். இரண்டு வருஷமாக அவருடைய முதுகை மட்டும் பார்த்திருக்கிறாள். காலர் கிழிசல் தெரியும், வியர்வை எங்கே முதலில் ஊறும் என்று தெரியும். பக்கத்தில் நடக்கும்போது அவர் மீசை ஒரு பக்கம் தூக்கலாக வெட்டியிருப்பது இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

பிளாட் திருப்பம் தாண்டியதும் அவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள். லோரி ஹாரனில் எனக்கு ஒரு வரிதான் கேட்டது. சுமக்க அலுத்துப்போய்த்தான் கேட்கிறீர்களென்று நினைத்தேன். மாசக் கடைசியோட சரி என்று சொன்னது சைக்கிளில் வருவதை நிறுத்திக்கொள்கிறேன் என்பதற்காக.

கார்த்திகேசு நின்றுவிட்டார். இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, அதிலிருந்த மணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒங்க தம்பியப் போயிப் பாத்துட்டேனே" என்றார். "பழமெல்லாம் வாங்கிட்டுப் போனேன்."

பெரிய மனுஷன், பள்ளிக்கூடத்துப் பையன்போல காது சிவந்து நிற்கிறார். இன்றைக்குச் சாயங்காலமே போய், தப்பு என்னுடையதுதான், அவங்க அப்படிச் சொல்லவே இல்லை என்று பரமேஸ்வரனிடம் சொல்லிவிடுகிறேன் என்றார். நீங்க ஒண்ணும் மனசுல வச்சிக்காதீங்க என்றார். பிறகு நினைவு வந்தவராக, "ஒங்களச் சொமக்க எனக்கு என்ன அலுப்பு? நீங்க ஏறுனாத்தான் பின்சக்கரம் ஆடாமப் போவுது" என்றார்.

கேட்க வந்ததைக் கேட்டாக வேண்டும். அண்ணே என்று தொடங்கப் போனவள், அந்தச் சொல்லை வாயிலேயே நிறுத்திக்கொண்டாள்.

"தம்பிகிட்ட அப்பறம் போவலாம். மொதல்ல எனக்கு ஒண்ணு சொல்லுங்க. நீங்க கேட்டது எந்தத் தும்பாங்? சமைச்சிப்போட, தொவைச்சுப்போட ஆளு வேணும்னா நேராச் சொல்லிருங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா எனக்கு முடியல. நெசமா முடியலீங்க. ஒடம்புல ஒண்ணுமே இல்ல."

ரோட்டோரத்தில், வேலைக்குப் போகிற பங்களாதேஷ் பையன்கள் சைக்கிளில் தாண்டிப் போகையில், அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கார்த்திகேசு சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். ஆறு வருஷமாக நானே ஆக்கி நானே தின்கிறேன், ருசியாக இருக்காது, ஆனால் பழகிவிட்டது என்றார். கல்யாணமா, தங்குறதா, ஊருக்கு என்ன சொல்வது என்பதையெல்லாம் நீங்களே முடிவு பண்ணுங்க, எனக்கு எதுவானாலும் சரி என்றார். "வீட்ல இன்னொரு ஆளு இருந்தா நல்லாருக்கும்னு தோணுச்சு. அத எப்பிடிக் கேக்குறதுன்னு தெரியல. அதான் தும்பாங்னு கேட்டுட்டேன்."

"ரூம என்ன செஞ்சி வச்சிருக்கீங்க?" என்று அவள் கேட்டாள். எதற்குக் கேட்டாளென்று அவளுக்கே தெரியாது. ஏதாவது கேட்க வேண்டியிருந்தது.

சுவருக்குச் சாயம் அடித்ததைச் சொன்னார். மாதவியின் கட்டிலுக்கு ஒரு கால் ஆட்டம், ஆணி அடித்துச் சரிசெய்ததைச் சொன்னார். காத்தாடி சத்தம் போடுகிறது, எண்ணெய் விட்டிருக்கிறேன் என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "கதவுக்கு உள்பக்கமா ஒரு தாப்பா போட்டிருக்கேன்" என்றார்.

"எதுக்கு?"

"நீங்க சாத்திக்கத்தான். அங்க ஹால்லயே கெடந்தீங்க, எனக்குத் தெரியாதா? நானா இருந்தாலும் தட்டிட்டு, நீங்க தொறந்தாத்தான் வரணும்."

புஷ்பவல்லி அவரைப் பார்த்தாள். பதினோரு வருஷமாக அவள் சேலை மாற்றுவதற்குக் குளியலறைக்குப் போகிறாள். காய்ச்சல் வந்து படுத்த நாளிலும், வருகிறவர் போகிறவர் தாண்டிப் போகிற இடத்தில்தான் படுத்திருந்தாள். இதை அவள் ஒருவரிடமும் குறையாகச் சொன்னதில்லை. குறை என்றே அவளுக்குத் தோன்றியதில்லை. ஒரு அந்நிய மனுஷன் தன் வீட்டுக் கதவில் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து சொல்லும்போதுதான், எவ்வளவு பெரிய குறை அது என்று தெரிந்தது. கேரியரைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு வேலைக்குப் போவல" என்றாள். "அந்த ரூமக் காட்டுங்க."

கெண்டீனில் தேட மாட்டார்களா என்று அவர் கேட்டார். இத்தனை வருஷத்தில் அவள் சொல்லாமல் லீவு போட்டதில்லை. தேடட்டும், ஒரு நாளைக்கு வெங்காயத்தை அவர்களே உரிக்கட்டும் என்றாள். சைக்கிளைத் திருப்பினார்கள். அவள் ஏறி உட்கார்ந்தாள்.

ரூம் சின்னது. சாய வாசனை இன்னும் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் கொட்டகையும் குப்பைத்தொட்டியும் தெரிந்தன. கட்டிலில் சலவை செய்த விரிப்பு. கார்த்திகேசு வாசல்படியிலேயே நின்றுகொண்டு, பாருங்க, நான் தண்ணி சுட வைக்கிறேன் என்று விலகிப் போனார். புஷ்பவல்லி கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் புதுசு, கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது. தள்ளிவிட்டு, கட்டில் ஆடுகிறதா என்று பார்க்க உட்கார்ந்தாள். பிறகு முட்டி வலிக்கிறதே என்று காலை மேலே தூக்கி வைத்தாள்.

கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் உச்சிக்கு வந்திருந்தது. ஐந்தாறு மணி நேரம் தூங்கியிருக்கிறாள், கனவுகூட இல்லாமல். எங்கே இருக்கிறோம் என்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பதறி எழுந்து உட்கார்ந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது.

"வேலைக்குப் போகலியா நீங்க?" என்று உள்ளேயிருந்தே கேட்டாள்.

"கதவு சாத்தியிருந்துச்சு" என்றார் கார்த்திகேசு. "சொல்லாம எப்பிடிப் போறது?"

"தட்டியிருக்கலாமே."

"தூங்குறீங்களேன்னு தட்டல."

புஷ்பவல்லி தாழ்ப்பாளைப் பார்த்தாள். சரி, இருங்க, வரேன் என்றாள். சொன்னாளே தவிர எழுந்திருக்கவில்லை. மறுபடியும் படுத்து, விரிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள்.